நாற்பது விநாடி

"கொஞ்சம் வெளியே இரும்மா, ரிப்போர்ட் எழுதிட்டுக் கூப்பிடுறோம்" என்று பேராசிரியர் சந்தானராஜ் சொன்னதும், செண்பகவல்லி ஆய்வேட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே கூட்டமும் சமோசாவைத் தேடி வெளியே வந்துவிட்டது. உள்ளே அவளுடைய நெறியாளரான அவரும், புதுச்சேரியிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் உமையாள் மேடமும், துறைத்தலைவரும் மட்டும். ஆறு வருஷம். இன்னும் பத்து நிமிஷத்தில் டாக்டர். யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். யாரோ "சூப்பர்க்கா, தெளிவா பேசினீங்க" என்றார்கள். அவள் சிரித்தாள். சிரிப்பு உதட்டைவிட்டு இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, கழற்றி வைக்க இடம் தெரியாத மாதிரி. தெளிவாகப் பேசினாளா? கடைசியாக உமையாள் மேடம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டாரே, "உங்க நாலாவது ஊர்ல, அந்த அங்கன்வாடியை இடம் மாத்துற தீர்மானத்துக்கு எதிர்ப்பே வரலையா? ஒருத்தர்கூடவா?" அதற்கு அவள் என்ன சொன்னாள்? "தீர்மானப் புத்தகத்துல எதிர்ப்பு எதுவும் பதிவாகலை மேடம்." பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுதிக் கொடுத்தால் எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். உமையாள் மேடம் "ஓ" என்றார். அந்த ஓ கொஞ்சம் நீளமாக இருந்ததோ? இல்லை, எல்லா ஓவும் அந்த நீளம்தான். கைதட்டினார்களே. கைதட்டிய பிறகு என்ன.

வராந்தாக் கோடியில் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றாள். கூடத்தின் பக்கவாட்டுக் கதவு அங்கேதான் இருந்தது, யாரும் அதிகம் புழங்காத கதவு. இந்தப் பக்கம் வந்தால் பேச வேண்டியிருக்காது. தூரத்தில், கூடவே ஆய்வு செய்யும் தோழி பர்வீன் தட்டை நீட்டி நீட்டி எல்லாருக்கும் சமோசா கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் கல்யாணம் மாதிரி ஓடுகிறாள். கேள்விச் சீட்டுகளையும் அவளும் இவளும் சேர்ந்துதானே எழுதினார்கள். நேற்று மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து எட்டுச் சீட்டு. பொது வாய்மொழித் தேர்வு என்றால் யாரும் வரலாம், யாரும் கேட்கலாம், அதுதான் விதி. யாரும் கேட்கமாட்டார்கள், அதுதான் வழக்கம். கேள்வியே வராவிட்டால் நெறியாளருக்கு முகம் வாடிவிடும் என்று, தேர்வு எழுதுகிறவளே கேள்வியையும் எழுதி எம்.ஏ. பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இந்தத் துறையில் எத்தனையோ வருஷமாக நடக்கிறது. அவளும் போன வருஷம் ஒரு சீனியருக்காக எழுந்து நின்று சீட்டைப் பார்த்து நடுங்கிக்கொண்டே வாசித்தவள்தான். இன்றைக்கு இரண்டு பையன்கள் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். இரண்டாவது ஆள், "இவர் கேட்டதையே நானும் ஆழமாகக் கேட்கிறேன்" என்றான். கூடமே சிரித்தது. செண்பகவல்லியும் சிரித்தாள். கூடிப் பேசி முடிவெடுப்பதைப் பற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவள், பேச்சைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு எதிரே நின்று பதிலும் சொன்னாள். அப்போது அது வேடிக்கையாக மட்டும்தான் இருந்தது. கேள்வி எட்டும் எழுதி வைத்தது. ஒன்பதாவது மட்டும் எழுதாதது. அந்த ஒன்றில் தவறினாள்.

ஏன் இந்தத் தலைப்பை எடுத்தாய் என்று யாராவது நிஜமாகவே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? எம்.ஏ. முதல் வருஷத்தில் ஒரு காணொளி பார்த்தாள். ஓர் ஐரோப்பிய நாட்டில் குலுக்கல் போட்டு ஜனங்களைப் பொறுக்கி எடுத்து, மேசைக்கு எட்டுப் பேராக உட்கார வைத்து, நாட்டுக்கு என்ன சட்டம் வேண்டும் என்று பேசச் சொல்கிறார்கள். ஒவ்வொரு மேசையிலும் பேச்சை நடத்திக் கொடுக்க ஒருவர். அவர் வேலையே பேசாதவரைப் பார்ப்பது. ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த பெண், இவளைப் போலவே விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த நடத்துநர் அவள் பக்கம் திரும்பி அவள் பெயரைச் சொல்லி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து இந்த நாள் வரை ஒருத்தரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. கோவில்பட்டி வீட்டில் அவளுக்குப் பேச்சு வராது என்று ஒரு முடிவு இருந்தது, அவளைக் கேட்காமலே. அதனால்தான் அவள் பேச்சை எண்ணத் தொடங்கினாளோ என்னவோ. யார் எத்தனை முறை பேசினார், காரணம் சொன்னாரா, அடுத்தவரை மதித்தாரா, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். அந்தக் குலுக்கல் மன்றம், கேரளத்து வார்டு கூட்டங்கள், நம்மூர் கிராம சபைகள், மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடுவது. அளவுகோல் வெளிநாட்டிலிருந்து வந்தது. அவள் தமிழில் சரிசெய்துகொண்டாள். சரிசெய்தேன் என்றுதான் முன்னுரையில் எழுதியிருக்கிறாள்.

நான்காவது ஊர். ஆய்வேட்டில் அதற்குப் பெயர் கிடையாது, ஊர்–4. ஆகஸ்ட் பதினைந்து, பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கிராம சபை. பெண்கள் ஒரு பக்கம், பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில். அவள் போனை மேசையில் மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள். வரவு, விளக்கு, வாய்க்கால் எல்லாம் போன பிறகு, தெற்குத் தெரு அங்கன்வாடியை நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றும் தீர்மானம் என்று கிளார்க் வாசித்தார். அப்போதுதான் மாரிக்கனி எழுந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், இடுப்பில் ஒரு பிள்ளை. மைக் அவளிடம் போகவில்லை. அவள் மைக்கை எதிர்பார்க்கவும் இல்லை. நின்ற இடத்திலிருந்து பேசினாள். நாற்பது விநாடி. போன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. நடுவில் இரண்டு பேர் "உக்காரு, உக்காரு" என்றார்கள். அதுவும் பதிவாகியிருந்தது. பிறகு தலைவர் ஏதோ சொல்ல, சிரிப்பு, கிளார்க் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார். தீர்மானப் புத்தகத்தில் அதற்கு நேரே ஒரே சொல், ஏகமனதாக. செண்பகவல்லி அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள், நகல் எடுத்துக்கொண்டாள், நகல் பின்னிணைப்பு ஏழில் இருக்கிறது.

அந்த நாற்பது விநாடியை அவள் முப்பது தடவையாவது கேட்டிருப்பாள். விடுதி அறையில் காதில் மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகத் தட்டச்சு செய்தாள். மதிப்பெண்ணை ஒருவரே போட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இருவர் தனித்தனியாகப் போட வேண்டும், இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஓர் எண் கணக்காகி வரும், அது பூஜ்யம் புள்ளி ஏழுக்குக் குறையக் கூடாது. இரண்டாவது ஆள் பர்வீன். ஊர்–4க்கு எண் புள்ளி ஆறு ஆறில் வந்து நின்றது. எங்கே இடிக்கிறது என்று பார்த்தார்கள். மாரிக்கனியிடம் இடித்தது. பர்வீன் முழு மதிப்பெண் போட்டிருந்தாள். செண்பகவல்லி பூஜ்யம். பூஜ்யம் போட்டது அவள்தான், இதை யாரிடம் சொல்வது. "ஏய், உனக்குக் காது இருக்கா? இந்த மொத்தக் கூட்டத்துல இதைவிட நல்ல வாதம் எவன்டி பேசினான்?" என்று பர்வீன் கத்தினாள். "கடைசியில சொன்னது தனிப்பட்ட சீண்டல்டி. மார்க் போடுற கையேட்டுல அதுக்கு மைனஸ்." "கையேட்டை எழுதினவன் தெற்குத் தெருவுக்கு வந்திருக்கானா?" "அப்புறம் நாம ஆளைப் பார்த்து மார்க் போடுறோம்னு சொல்லுவாங்க." அதுதான் பயம். அந்தப் பெண் பேசியபோது தனக்குத் தொண்டை அடைத்தது என்பது அவளுக்குத் தெரியும். தொண்டை அடைத்த இடத்தில் மதிப்பெண் போடக் கூடாது என்று நினைத்தாள். நேர்மை என்று நினைத்தாள். மூன்று நாள் சண்டை. சமர்ப்பிக்கும் தேதி நெருங்கியது. கடைசியில் பர்வீனே அலுத்துப்போய், "சரி, ரெண்டு பேருக்கும் வேண்டாம், 'தெளிவில்லை'ன்னு போட்டு எடுத்துரு, நம்பர் ஏறிரும்" என்றாள். தெளிவில்லாத பேச்சைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கையேட்டில் இடம் இருந்தது. எடுத்தாள். புள்ளி ஏழு ஒன்று. ஒரே ஒரு அழுத்தல், சிவப்பாக இருந்த கட்டம் பச்சையாகிவிட்டது. அது மட்டுமா, சீண்டலும் குறுக்கீடும் போன பிறகு ஊர்–4 நாலு ஊரிலும் மேலே ஏறி, அந்த ஐரோப்பிய மன்றத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவே அதுதான். சந்தானராஜ் சார் படித்துவிட்டு, "இதுதாம்மா உன் தீசிஸ்" என்று தோளைத் தட்டினார். பட்டது தோளில். கூசியது வேறெங்கோ.

கூசியதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம் என்ற வார்த்தையை எத்தனை தடவைதான் சொல்லிக்கொள்வது. அதற்கு முந்தியே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து நேர்காணலுக்காக அந்த ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் மாரிக்கனி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. "டீச்சர், அந்த ரெக்கார்டைக் குடு டீச்சர். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மனுவோட போட்டுக் காட்டிட்டுத் தந்துருதேன். யாருமே எதுத்துப் பேசலைன்னு எழுதிட்டானுவ." செண்பகவல்லி விதியைச் சொன்னாள். "அக்கா, நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல, பேசுனதை வெளிய குடுக்கமாட்டோம்னு இருக்கு. ரகசியம் காக்கணும்." "எனக்குமா? நான் பேசுனதை எனக்கே குடுக்கக் கூடாதா?" "எங்க சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்க்கா." கேட்கவில்லை. அதைத்தான் நினைத்து நினைத்து இந்த இரண்டரை வருஷமும் விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். சார் முடியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பாதி பாரம் அவருடையது. அவர் அறை வாசல் வரை இரண்டு தடவை போனாள். ஒரு தடவை அவர் போனில் இருந்தார். இன்னொரு தடவை அவர் "என்னம்மா?" என்று கேட்டே விட்டார், அவள் "ஒண்ணுமில்ல சார், கையெழுத்து" என்று வேறொரு தாளை நீட்டினாள். திங்கட்கிழமை போனது. தட்டச்சு முடிந்ததும் ஒலிப்பதிவை அழித்துவிட வேண்டும் என்பது நெறிமுறைக் குழுவின் விதி. அந்த ஒரு விதியை மட்டும் சொன்ன தேதியில் தவறாமல் செய்தாள். இப்போது அந்த நாற்பது விநாடி எங்கேயும் இல்லை. பால்வாடி சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதையும் அவள் பஸ்ஸிலிருந்து பார்த்தாள், சுவரில் முயல் வரைந்திருந்தார்கள், வாசலில் ஐந்தாறு பிள்ளைகள். முன்பு பதினாறு.

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம். எழுதி முடிக்கப் போகிறார்கள். இப்போதே கதவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொல்லலாம், மேடம், எதிர்ப்பு இருந்தது என்று. மூன்று சொல். சார் முகம் என்ன ஆகும்? ஐந்தாம் அத்தியாயம் என்ன ஆகும்? ஆறு வருஷம் என்ன ஆகும்? கால் நகரவில்லை. ஆனால் விரல் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. மாரிக்கனி அக்கா, ஊர்–4. இப்படித்தான் சேமித்து வைத்திருந்தாள், பெயரோடு எண்ணையும் சேர்த்து. எடுக்கமாட்டாள், எடுக்காவிட்டால் நல்லது என்று நினைப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"யாரு?" பின்னால் மண்வெட்டிச் சத்தம், பெண்கள் பேச்சு, காற்று.

"அக்கா, நான் செண்பகவல்லி. கிராம சபைக்கு வந்தேன்ல, போனை வச்சு ரெக்கார்டு..."

"ஏ, நம்ம டீச்சரா! என்ன டீச்சர், கல்யாணப் பத்திரிகை வைக்கவா கூப்பிடுத?"

"யாருட்டி அது?" என்று தூரத்தில் ஒரு குரல்.

"காலேசுப் பிள்ளட்டி. நம்ம பேசுனதெல்லாம் புஸ்தகமா எழுதுதே, அது. நீ மண்ணை அள்ளு, பேரு எழுதுதவ மஸ்டர் ரோலோட வாரா." பிறகு போனுக்குள், "நூறு நாள் வேலைல நிக்கேன் டீச்சர். புஸ்தகம் முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டுக்கா. இன்னைக்குத்தான்."

"அப்படிச் சொல்லு! நான் இங்க எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுதான் கெடக்கேன். பஞ்சாயத்துக்காரன் எழுதலைன்னா என்ன, அந்தப் பிள்ள எழுதிருக்கும், எம் பேச்சு காலேசுல இருக்குன்னு. இருக்குல்லா?"

செண்பகவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருக்கு என்று சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? மாரிக்கனி எந்தக் காலத்தில் இந்தப் புத்தகத்தைப் புரட்டப் போகிறாள்? சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே. சற்று முன் உமையாள் மேடத்துக்குச் சொன்ன பதிலைவிட இது சின்னப் பதில்தான்.

"இல்லக்கா" என்றாள். "நான் எடுத்துட்டேன்."

"எதை?"

"நீங்க பேசுனதை."

"ஏன் டீச்சர்?"

அவளிடம் பதில் இருந்தது, பக்கம் எண்ணோடு. அட்டவணை, எண், கையேடு, விதி. அதையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் என் பிரெண்டுக்கும் ஒத்துப்போகலைக்கா. உங்களுக்கு எத்தனை மார்க்குன்னு."

"ரெண்டு பிள்ளைகளும் சண்டை போட்டுக்கிட்டு என்னைய வெளிய தள்ளிட்டீகளாக்கும்." சிரித்தாளா, என்னவென்று தெரியவில்லை. "சரி, அந்த ரெக்கார்டாவது இருக்கா?"

"அழிச்சிட்டேன்க்கா."

"நல்லாருக்கே கூத்து." வைத்துவிட்டாளோ என்று பார்த்தாள், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு, வேறு குரலில், தணிவாக, "அன்னைக்கு நான் என்ன டீச்சர் சொன்னேன்? எனக்கே மறந்து போச்சு. நல்லாப் பேசுனேன்னு மட்டும் ஞாபகம் இருக்கு. ராத்திரி படுத்துக்கிட்டு நினைச்சிப் பாப்பேன், பாதிதான் வருது. நீதான கேட்டுக் கேட்டு எழுதுன. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"சொல்லு."

பக்கவாட்டுக் கதவு திறந்தது. பர்வீன் உள்ளிருந்து தலையை நீட்டி, பல்லெல்லாம் தெரிய, "டாக்டர் மேடம், எழுந்தருளுங்க, எல்லாம் ரெடி" என்றாள். அவளுக்குப் பின்னால் கூடம் தெரிந்தது. எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். செண்பகவல்லி ஒரு கையை உயர்த்தி, இரு என்று காட்டினாள். வாழ்க்கையில் அவள் யாரையும் காக்க வைத்ததில்லை. "எங்க தெருவுல பதினாறு பிள்ளைய இருக்கு" என்று போனில் மெதுவாக ஆரம்பித்தாள்.

"கேக்கலை டீச்சர். காத்து அடிக்கி. சத்தமா சொல்லு."

"எங்க தெருவுல பதினாறு பிள்ளைய இருக்கு" என்றாள் சத்தமாக. தன் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. கூடத்தில் பேச்சு நின்றது. "பால்வாடி இந்தப் பக்கம் இருக்கப் போயித்தான் நாங்க வேலைக்குப் போயிட்டு வாரோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போனா யாரு கூட்டிட்டுப் போவா? ஆயா ஒரே ஆளு, அவளுக்கும் முட்டுவலி. நாலுவழி ரோட்டுல லாரி நிக்குமா? நீங்க கார்ல வாரீக, உங்களுக்கு அந்த ரோடு தெரியாது. வேண்டாம்னு சொல்லலை, கட்டடம் நல்ல கட்டடந்தான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, தலைவரு எம் பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நடந்து அந்த ரோட்டைத் தாண்டிக் காட்டட்டும். பொறவு எழுதுங்க தீர்மானத்தை."

"ஆமா" என்றாள் மாரிக்கனி. "இதான். இதத்தான் சொன்னேன்." பிறகு, "நல்லாத்தானே பேசிருக்கேன்?"

"நல்லாப் பேசினீங்கக்கா."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு, யாரையோ "இந்தா வாரேன்" என்று அதட்டிக்கொண்டே போனை வைத்தாள்.

செண்பகவல்லி திரும்பினாள். கூடத்தில் எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பர்வீனின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவளுக்கு அந்த வாக்கியங்கள் தெரியும். மேசை மேல் கையெழுத்துப் போட்ட தாள்கள், அவற்றின் மேல் பறக்காமலிருக்கத் தண்ணீர்ப் பாட்டில். சந்தானராஜ் சார் பாதி எழுந்த நிலையில், சால்வையை விரித்துப் பிடித்தபடி, "உள்ள வாம்மா, மேடத்துக்கு டிரெயினுக்கு நேரமாகுது" என்றார். உமையாள் மேடம் மட்டும் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"இப்ப சொன்னீங்களே, அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"அதுல இல்லை மேடம்" என்றாள் செண்பகவல்லி. "நான்தான் எடுத்தேன்."

சார் கையிலிருந்த சால்வை மெல்ல மடிந்தது. கைதட்டுவதற்காகத் தயாராகக் கைகளைச் சேர்த்து வைத்திருந்த எம்.ஏ. பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.